பாக்கலாம் என்று சொன்ன கூரை

என் வாயில் ஒரு வார்த்தை வெகுகாலம் குடியிருந்தது. "பாக்கலாம்." யார் எதைக் கேட்டாலும் வாசலுக்கு வந்து பதில் சொல்வது அதுதான். உறவுக்காரர் காதுகுத்துக்குக் கூப்பிட்டால் "பாக்கலாம்". வரமாட்டேன் என்று அர்த்தம். எதிர்வீட்டுக்காரர் ஒழுகுகிற இடத்தில் ஓடு மாற்றித் தரச் சொன்னால் "பாக்கலாம்". இந்த மழை நிற்கட்டும் என்று அர்த்தம். வேலூருக்கு நாடகம் பார்க்கப் போகலாமா என்று என் மனைவி கேட்டாலும் அதே "பாக்கலாம்". அதற்கு என்ன அர்த்தம் என்று அவள் கேட்பதை நிறுத்திப் பல வருஷமாகிறது.

"மாட்டேன்" என்ற சொல் எனக்கு எழுத வரும், படிக்க வரும். சொல்ல மட்டும் வராது. நாக்கின் நுனிவரை வந்து, எதிரில் நிற்பவரின் முகத்தை எட்டிப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பித் தொண்டைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

நான் கூரை போடுகிற கண்ட்ராக்டர். ஓடு, தகரம், ஓலை, எதுவானாலும் போடுவேன். இரண்டு ஆள் உயரத்துச் சுவர்மேல் வெற்றிலை மென்றுகொண்டே நடப்பேன், பயம் கிடையாது. கீழே இறங்கி ஒரு மனிதருக்கு எதிரே நின்றால்தான் முழங்கால் கழன்றுகொள்ளும்.

எனக்கு வேலை கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஒரு சாயபு. தோல் பதனிடும் டேனரி வைத்திருந்தார். அவருடைய தகப்பனார் வீட்டுக்கு ஓடு வேய்ந்ததில் ஆரம்பித்து, பதினைந்து வருஷம் அவர் தலைக்கு மேல் இருந்த எல்லாவற்றையும் நான்தான் போட்டேன். நல்ல மனிதர். ரம்ஜான் மாதத்தில் எங்கள் வீட்டுக்குக் கஞ்சி வராத நாள் இல்லை. அவர் வாயிலும் ஒரு வார்த்தை இருந்தது. "இன்ஷா அல்லா." இறைவன் நாடினால் என்று பொருள். மனதாரக் கடவுளிடம் விட்டுவிடும்போதும் அதைத்தான் சொல்வார். மனதுக்குப் பிடிக்காத ஒன்றை மரியாதையாக ஓரம் கட்டும்போதும் அதைத்தான் சொல்வார். எது எப்போது என்பது அவர் கண்ணைப் பார்த்தால் தெரியும். பதினைந்து வருஷம் நான் "பாக்கலாம்" என்றேன், அவர் "இன்ஷா அல்லா" என்றார். எங்களுக்குள் ஒரு சண்டை வந்ததில்லை. இரண்டு பேரும் ஒன்றையும் சொல்லாமல் பேசிக்கொண்டால் சண்டை எங்கிருந்து வரும்?

அந்த வருஷம் சித்திரை வெயிலில் அவர் ஆள் அனுப்பினார். போனேன்.

டேனரியின் கிழக்குக் கோடியில் ஒரு நீளமான கட்டடம். கீழே ஆவாரம்பட்டைக் கிடங்கு. தோலைப் பதப்படுத்தும் பட்டை அங்கே மேல்தளம் எட்டும் உயரத்துக்குக் குவிந்து கிடக்கும். இடித்த பட்டையின் தூள் காற்றில் எப்போதும் மிதக்கும். மேலே மரத்தளம் போட்ட கூடம். தொட்டியிலிருந்து வந்த தோலைக் கொம்புகளில் போட்டுக் காயவைத்து, புரட்டி, எடுத்து அடுக்குகிற வேலை அங்கே. எல்லாம் பெண்கள், இருபது பேர் இருப்பார்கள். ஏறி இறங்க ஒரே ஒரு மரப்படி. தலைக்கு மேல் துருப்பிடித்த தகரம். மத்தியானம் அங்கே ஏறினால் வாணலியில் இறங்கினது போலத்தான். அந்த மாதத்தில் மட்டும் இரண்டு பெண்கள் மயங்கி விழுந்திருந்தார்கள். தோலும் ஒரு பக்கம் அப்பளமாக விறைத்துக்கொண்டிருந்தது.

சாயபு மேலே கையைக் காட்டினார்.

"இன்னா பாக்கறே கண்ட்ராக்டர்? பழசப் பிடுங்கிப் போட்டுட்டு புதுத் தகரம் போடு. தகரத்துக்கு அடியில ஒரு சாண் கனத்துக்கு ஓலை வேஞ்சுடு. ஜில்லுனு இருக்கும்."

"பாய், இந்தப் பக்கம் ஓலை கூடாதே. முனிசிபாலிட்டில தடுத்து வெச்சிருக்காங்களே."

உண்மைதான். முன்பு ஒரு கோடையில் பக்கத்துத் தெரு ஒன்று கோடிக்குக் கோடி எரிந்தபிறகு, இந்த வட்டாரத்தில் ஓலை, புல் எதுவும் கூரையில் ஏறக்கூடாது என்று விதி போட்டிருந்தார்கள்.

"ஓலைக் கூரைதானே கூடாது? இது தகரக் கூரை. பிளான்ல தகரம்னு போட்டு, சீல் அடிச்சு வந்துடுச்சு. ரோட்டுல நின்னு பாத்தா இன்னா தெரியும்?"

"தகரம் தெரியும்."

"அவ்ளோதான்! தலையில தொப்பி கீது. தொப்பிக்கு உள்ள முடி கீதா இல்லியான்னு எவன் பாக்கறான்?"

சொல்லிவிட்டு என் தலைத்துண்டைப் பார்த்துச் சிரித்தார். துண்டுக்கு அடியில் ஒன்றுமில்லை என்பது அவருக்குத் தெரியும். நானும் சிரித்தேன். உள்ளே மட்டும் ஏதோ ஒன்று சிரிக்க மறுத்தது.

கூரைக்காரனுக்குத் தெரிந்த விஷயம் இது. வெளியே கிடக்கிற ஓலை மழையில் நனையும், பனியில் ஊறும். தீப்பிடித்தால் தொரட்டியைப் போட்டுப் பிடுங்கி எறிந்துவிடலாம். தகரத்துக்கு அடியில் கிடக்கிற ஓலை தண்ணீரையே பார்க்காது. ஒரு கோடை தாண்டினால் வறுத்த ஓலை, இரண்டு தாண்டினால் வெடிமருந்து. பிடுங்கலாம் என்றால் மேலே தகரம் போல்ட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கும். கீழே பட்டைத்தூள். நடுவே இருபது பெண்கள். ஒரு படி.

இவ்வளவும் என் மண்டைக்குள் வரிசையாக ஓடியது. வாயைத் திறந்தேன்.

"பாக்கலாம் பாய்," என்றேன்.

"இன்ஷா அல்லா," என்றார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது என்னை நானே மெச்சிக்கொண்டேன். எவ்வளவு பதவிசாக மறுத்துவிட்டேன்! அவர் மனம் நோகவில்லை, என் மனம் நோகவில்லை. ராஜதந்திரிகள் என்னிடம் வந்து படிக்கலாம்.

ஐந்தாம் நாள் காலை டேனரி குமாஸ்தா சைக்கிளில் வந்து வாசலில் காலை ஊன்றி நின்றார்.

"ஓலை எல்லாம் வந்து எறங்கிடுச்சு. முதலாளி நாள் கேக்கறாரு. எப்ப ஆரம்பிக்கறீங்கோ?"

"ஓலையா?"

"பதினோரு வண்டி. எறவாணத்துல மழ படாம அடுக்கி வெச்சுட்டோம். நீங்க ஒத்துக்கிட்டீங்கன்னு அன்னிக்கே ஆள் அனுப்பிட்டாரே."

குமாஸ்தா போனபிறகு திரும்பினேன். கதவோரத்தில் என் மனைவி முறத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

"அவராண்ட இன்னா சொன்னீங்க?"

"முடியாதுன்னு சொன்னேன்."

"எப்படிச் சொன்னீங்க?"

நான் வேப்பமரத்தைப் பார்த்தேன். அதில் பார்க்க ஒன்றுமில்லை.

"பாக்கலாம்னு."

"அப்ப ஓலை வந்தது சரிதான்," என்று முறத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

அன்றைக்கு மத்தியானம் எனக்கு ஜுரம் வந்தது. வந்தது என்றால், வரவழைத்தேன். ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு கூடத்தில் படுத்தேன். ஆம்பூர் வெயிலில், சித்திரையில், கம்பளி! ஒரு மணி நேரத்தில் உண்மையாகவே ஜுரம் வந்தவன் போல வியர்த்துக் கொட்டியது. டேனரிக்கு ஆள் அனுப்பி, கண்ட்ராக்டருக்கு உடம்பு சரியில்லை, பத்து நாள் ஆகும் என்று சொல்லச் சொன்னேன். பத்து நாளில் சாயபு மனம் மாறலாம். ஓலையில் கரையான் ஏறலாம். வானம் இடிந்து விழுந்து எல்லாருடைய கூரையும் ஒரே சமயத்தில் போகலாம். பயந்தவனுடைய நம்பிக்கைக்கு அளவு ஏது?

மறுநாள் காலையில் வாசலில் குதிரைவண்டி நின்றது. சாயபு இறங்கினார். அவருக்குப் பின்னால் ஒரு ஹகீமும் இறங்கினார். யுனானி வைத்தியம் பார்க்கிறவர், வெள்ளைத் தாடி, வேலூரிலிருந்து வரவழைத்திருக்கிறார்!

"நம்ம கண்ட்ராக்டருக்கு ஜுரம்னா சும்மா விட்டுடுவனா? கையக் குடு ஹகீம் சாபாண்ட."

கொடுத்தேன். ஹகீம் கண்ணை மூடிக்கொண்டு நாடி பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். என் நாடி அவர் விரலுக்கு அடியில் தறிகெட்ட குதிரையாக ஓடிக்கொண்டிருந்தது.

"சூடு இல்ல," என்றார் கடைசியில். "ஆனா தில் ரொம்ப ஜாஸ்தி அடிக்கிது. ஏதோ பயம் பூந்துகிச்சு."

உள்ளேயிருந்து என் மனைவி இருமினாள். அது இருமல் என்று சாயபு நினைத்தார்.

ஒரு கஷாயம் எழுதிக் கொடுத்தார்கள். மூன்று நாள், மூன்று வேளை. அதன் கசப்பை இப்போது எழுதும்போதும் என் காது மடல் சுருங்குகிறது. மனைவி ஒரு வேளை தவறாமல் அளந்து கொடுத்தாள். அவ்வளவு அக்கறையாக அவள் எனக்கு எதையும் கொடுத்ததில்லை.

"குடிங்க. பயத்துக்கு நல்லதாம்."

"சிரிக்காதே. மனுஷனுக்கு உள்ள எப்படி கீதுன்னு உனக்கு இன்னா தெரியும்?"

"தெரியும். அதான் சிரிக்கறேன். இல்லன்னா அழணும்." அவள் தம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "கடசில போடத்தான் போறீங்களா?"

"பாக்..." என்றேன். அவள் பார்த்த பார்வையில் மீதி உள்ளேயே போய்விட்டது.

நான்காம் நாள் எழுந்து டேனரிக்குப் போனேன். சாயபு தொட்டிகள் பக்கம் இருப்பதாகச் சொன்னார்கள். அவரைப் பார்க்குமுன் மேல்கூடத்தை இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்று படியேறினேன். அளவெடுப்பதற்காக என்று சொல்லிக்கொண்டேன். தள்ளிப்போடுவதற்காக என்பதுதான் சரி.

மேலே அனல். பெண்கள் முந்தானையைத் தலையில் சுற்றிக்கொண்டு தோல் புரட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் ஒரு பருத்த அம்மாள் கையைத் தட்டினாள்.

"வந்துட்டாருடி மேஸ்திரி! யோவ், ஓலை வந்து நாலு நாளாச்சு. நீ இன்னா மாமியா வூட்டுக்குப் போய்ட்டியா?"

"ஒடம்பு சரியில்லம்மா."

"எங்களுக்கு மட்டும் சரியா கீதா? பாரு, கொதிக்கற தகரத்துக்குக் கீழ குந்த வெச்சுக் கருவாடு போடறாங்க. சீக்கிரம் ஓலையப் போடு சாமி, புண்ணியமாப் போவும்."

"ஓலை போட்டா ஆபத்தும்மா. தீப்புடிச்சா இங்கருந்து எறங்க முடியாது."

அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "இன்னிக்கி வேகறோம். என்னிக்கோ எரியப்போறதுக்கு இன்னிக்கே பயந்துகினு கிடக்கணுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். விதி என் பக்கம் இருந்தது. வெயில் அவர்கள் பக்கம் இருந்தது. அந்தக் கூடத்தில் நின்றுகொண்டு விதியைப் பேச எனக்கு வெட்கமாக இருந்தது.

படியை நோக்கித் திரும்பியபோது ஒருத்தி எனக்குப் பின்னாலேயே வந்தாள். ஒல்லியானவள், முப்பது வயதிருக்கும். இடது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் சுருங்கி வழுவழுவென்று இருந்தது.

"மேஸ்திரிண்ணா, என்னைத் தெரியல? ஆலங்காயத்துப் பட்டைக் கிடங்கு."

தெரிந்தது. அந்தக் கையைப் பார்த்ததும் தெரிந்தது.

ஏழெட்டு வருஷத்துக்கு முந்தைய கதை. ஆலங்காயத்துக்கு அப்பால், காட்டோரம் ஒரு பட்டைக் கிடங்கு. அங்கே முனிசிபாலிட்டியும் இல்லை, தடையும் இல்லை, ஓலைதான் போட்டிருந்தேன். ஒழுகுகிற இடத்தைப் பார்க்க ஒரு மாசி மத்தியானம் போயிருந்தபோது, மூலையில் ஒரு கைக்குட்டை அளவு புகை தெரிந்தது. "தீ! தீ!" என்று கத்தினேன். கத்திக்கொண்டே ஓடினேன். உள்ளே ஏழு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது கிடங்கிலிருந்து வெகுதூரம் வந்து, ஒரு மதகின்மேல் ஒற்றைச் செருப்போடு நின்றுகொண்டிருந்தேன். திரும்பிப் போவதற்குள் ஆட்கள் தொரட்டி போட்டு ஓலையைப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். ஏழு பேரும் வெளியே வந்துவிட்டார்கள். ஒருத்திக்குக் கை வெந்திருந்தது. என்னைப் பார்த்து எல்லாரும் நல்ல சமயத்தில் சத்தம் போட்டாய் என்றார்கள். நான் ஓடினதை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செருப்பைப் பற்றிக் கேட்டவர்களிடம், அவசரத்தில் விழுந்துவிட்டது என்றேன். பொய்யில்லை.

"நீ அன்னிக்கிக் கத்தலன்னா நான் ஏது, என் புள்ளைங்க ஏது?" என்றாள் அவள். "கோயிலுக்குப் போனா உன் பேருக்கும் சேத்துதான் கும்புடறேன்."

நான் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"அவங்க சிரிக்கறாங்க, அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இங்க ஓலை போட்டுட்டு நீ பாட்டுக்குப் போய்டுவியே. அப்புறம் யாரு கத்துவா?"

கேட்டுவிட்டு அவள் போய்த் தோல் புரட்ட ஆரம்பித்தாள். குற்றம் சாட்டுகிறவள் போலக் கேட்கவில்லை. விறகு யார் கொண்டு வருவார் என்று கேட்பதுபோல, விவரம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால்தான் தாங்க முடியவில்லை. அன்றைக்குக் கத்தியது ஒரு வீரன் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த வீரன் படியிறங்கும்போது இரண்டு படி தவறி, மூன்றாவதில் உட்கார்ந்தான்.

சாயபு சுண்ணாம்புத் தொட்டியருகே, மூக்கில் அத்தர் பஞ்சை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வா வா! ஜுரம் போச்சா? கஷாயம் குடிச்சியா?"

"குடிச்சேன் பாய்."

"அப்ப நாளைக்கி ஆரம்பிச்சுடு."

"பாய், அந்த ஓலை..." ஹகீம் பார்த்த குதிரை மறுபடியும் கிளம்பிவிட்டது. "அது வேணாம் பாய். ஓடு போடலாம். மங்களூர் ஓடு அவ்ளோ சூடு வாங்காது."

"ஓட்டோட பாரத்துக்கு அந்தச் செவுரு நிக்காதுன்னு போன வருஷம் நீதானே சொன்னே?"

நான்தான் சொன்னேன்.

"அப்ப முகட்ட ஒசத்தி பாய், ரெண்டு பக்கமும் காத்து போக வழி வுடலாம். பின்பக்கம் ரெண்டாள் அகலத்துக்கு இன்னொரு படி வெக்கலாம். மழைக்கு முன்னாடி முடிச்சுடலாம்."

"மழை வரைக்கும் யாரு காத்துகினு கீறது? மேல பொம்பளைங்க விழறாங்க, தோலு வெறச்சுப் போவுது. ஓலை வந்து எறங்கிக் கெடக்குது. நீதானே ஒத்துக்கினே?"

"நான் பாக்கலாம்னுதான் சொன்னேன் பாய்."

"ஆமா. பாக்கலாம்னு சொன்னே. வீட்டுக்கு ஓடு போட்டப்பவும் பாக்கலாம்னுதான் சொன்னே. தோல் மண்டிக்குத் தகரம் போட்டப்பவும் பாக்கலாம்னுதான் சொன்னே. எல்லாத்தையும் போட்டியே?"

இதற்கு உலகத்தில் எந்த வக்கீலும் பதில் சொல்ல முடியாது. பதினைந்து வருஷம் அந்த ஒரே சொல்லை அவரிடம் "ஆகட்டும்" என்ற அர்த்தத்தில் செலவழித்துவிட்டு, பதினாறாம் வருஷம் "ஆகாது" என்று அவர் புரிந்துகொள்ளவேண்டும் என்று எதிர்பார்த்தவன் நான்.

அவர் என் தோளில் கையைப் போட்டார். குரல் இறங்கியது.

"சரி, நீ பயப்படறே. புரிது. உன் கையால ஓலை போட வேணாம். தகரத்த மட்டும் போட்டுக் குடு. சட்டப்படி சுத்தமான வேலை. ஓலைய நான் பாத்துக்கறேன்."

அங்கேதான் என் கதை முடிந்திருக்கும். எவ்வளவு வசதியான வாசல் அது! தகரம் போடலாம், விதி மீறவில்லை, சாயபு மனம் நோகாது, நான் நல்லவனாகவே வீட்டுக்குப் போகலாம். நாக்கு அந்தப் பழைய சொல்லை எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டது. "பா" என்று ஆரம்பித்தும்விட்டேன்.

யாரு கத்துவா?

"முடியாது," என்றேன்.

அது என் குரலாகவே இல்லை. எண்ணெய் போடாத கதவுக் கீல்போல ஒரு கீச்சு. தொட்டியில் தோல் மிதித்துக்கொண்டிருந்த ஆள்கூட நிமிர்ந்து பார்த்தான்.

"இன்னா?"

"முடியாது பாய். தகரத்துக்கு அடியில ஓலை வரும்னு தெரிஞ்சு நான் தகரமும் போடமாட்டேன். அது என்னிக்காவது எரியும்." சொல்லி முடித்ததும் ஓடிவிடலாம் என்று பார்த்தேன். கால் அசையவில்லை. ஓடவேண்டிய இடத்தில் நிற்பதும் நிற்கவேண்டிய இடத்தில் ஓடுவதும் என் கால்களின் சுபாவம்.

அவர் தோளிலிருந்து கையை எடுத்தார். அத்தர் பஞ்சைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டார்.

"அப்ப அந்த ஜுரம்?"

நான் தரையைப் பார்த்தேன்.

"உன்னை நம்பி வேலூர்லருந்து ஹகீம் சாபைக் கூட்டினு வந்தேன்." அவர் குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்தால் தேவலை என்று இருந்தது. "முடியாதுன்னு அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் ஓலைய வாங்கியே இருக்க மாட்டேனே? வேற வழி பாத்திருப்பேனே? இப்போ வாங்கி வெச்சுட்டேன். இப்போ வந்து முடியாதுங்கறே. அதுதான் பேஜாரா கீது கண்ட்ராக்டர்."

நான் இரவுபகலாக நினைத்து நினைத்துப் பயந்ததில், இது ஒன்றைத்தான் நினைத்திருக்கவில்லை. பதினோரு வண்டி ஓலையை அந்த எறவாணத்தில் இறக்கி வைத்தவன் நான்தான். ஒரு வார்த்தையால் இறக்கி வைத்தேன். வேறொரு வார்த்தையால் அதைத் திருப்பி அனுப்ப முடியவில்லை.

ஒரு வாரத்தில் காவேரிப்பாக்கத்திலிருந்து ஒரு மேஸ்திரி வந்தார். கெட்டிக்காரர். அவருக்குச் "சரி" என்று சொல்ல வந்தது. தகரமும் ஓலையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின.

அதற்கப்புறமும் நான் சும்மா இருக்கவில்லை என்று எழுதிக்கொள்ள ஆசை. முனிசிபாலிட்டி ஆபீசுக்குப் போனேன். வாசலில் இருந்த ஆள் "இன்னா வேணும்?" என்று கேட்டதும், தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். தண்ணீர் நன்றாக வந்துகொண்டிருந்தது. இரண்டாம் தடவை மனைவி கூட வந்தாள். வாசல் ஆளிடம் அவளே முன்னால் நின்று, "இவரு கூரையப் பத்திச் சொல்லணும். சொல்லாம வெளிய வந்தா மறுபடியும் உள்ள அனுப்புவேன்," என்றாள். சொன்னேன். ஓவர்சியர் மறுநாளே வந்தார். ரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்தார். தகரம் தெரிந்தது. எழுதிக்கொண்டு போனார்.

யார் சொன்னது என்பது சாயபுக்குத் தெரியாமல் இருக்குமா? எனக்கு அவர் வேலை நின்றது. ரம்ஜானில் கஞ்சி நின்றது. கஞ்சி நின்றதுதான் அதிகமாக உறுத்தியது.

ஒரு விஷயம் மட்டும் சொல்லவேண்டும். மழைக்கு முன்பு ஒரு நாள் அந்தப் பக்கமாகப் போனபோது, கட்டடத்தின் பின்சுவரில் ஒரு புதிய மரப்படி தெரிந்தது. மேல்கூடத்து ஜன்னலைப் பெயர்த்துக் கதவாக்கி, அங்கிருந்து நேரே தரைக்கு. நான் சொன்ன இடத்தில், நான் சொன்ன அகலத்தில். அதைப் பற்றி அவர் என்னிடம் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கையில் தழும்புள்ளவளைக் கடைத்தெருவில் பார்த்தபோது அவள் சொன்னாள்: "அந்தப் படிக்குப் பக்கத்துலதான் நான் தோல் போடற கொம்பு. கேட்டு வாங்கிக்கினேன். மூக்கு எனக்கு நல்லா வேல செய்யும். கத்தறதும் நானே கத்திக்கறேண்ணா, நீ கவலப்படாதே."

கவலைப்படாமல் எப்படி இருப்பது? கோடை வந்தால் நான் காலையில் எழுந்ததும் டேனரி இருக்கும் கிழக்குப் பக்கம் பார்க்கிறேன். எதிர்வீட்டு அடுப்புப் புகைக்கு மூன்று தடவை எழுந்து ஓடியிருக்கிறேன். ஒரு தடவை அவர்கள் வீட்டுக்குள்ளேயே தண்ணீர்க் குடத்தோடு நுழைந்து, கொதித்துக்கொண்டிருந்த குழம்பில் ஊற்றிவிட்டேன்.

இரண்டு வருஷம் கழிந்தபிறகு சாயபுவே பேச்சை ஆரம்பித்தார். பாலாற்றுப் பாலத்தருகே அவர் வண்டி நின்றது. எட்டிப் பார்த்தார்.

"இன்னா கண்ட்ராக்டர், எரிஞ்சுதா?"

"இன்னும் இல்ல பாய்."

சிரித்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த சித்திரையிலும் கேட்டார். அதற்கடுத்த சித்திரையிலும் கேட்டார். அதற்குள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கடைத்தெருவில் நடந்தால் யாராவது ஒருவர், "மேஸ்திரி, புகை வருதா பாரு!" என்பார்கள். நானும் நெற்றியில் கையை வைத்து அண்ணாந்து பார்ப்பேன். சிரிப்பார்கள். விளையாட்டாகப் பார்ப்பதாக நினைக்கிறார்கள். நான் உண்மையாகவே பார்க்கிறேன். நான் தோற்றுக்கொண்டே இருக்கவேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.

இந்தச் சித்திரையில் வண்டி நின்றபோது அவர் இறங்கியே வந்தார். தாடி நரைத்துவிட்டது. வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. என் பக்கத்தில் வந்து நின்று, கிழக்கே, தன் டேனரி இருக்கும் திசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி," என்றார்.

"ஆமாம் பாய்."

"ஒண்ணும் ஆகாது. இன்ஷா அல்லா."

அவர் கண்ணைப் பார்த்தேன். இந்தத் தடவை அது எந்த அர்த்தம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவரும் காலையில் எழுந்து கிழக்கே பார்க்கிறவர்தான்.

பதிலுக்கு எதையாவது சொல்லவேண்டும். வாய்வரை அந்தப் பழைய வார்த்தை வந்துவிட்டது. அதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு என்பது அப்போதுதான் உறைத்தது: பொறுத்திருந்து பார்ப்போம் என்பது. அதைப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை.

"ஆகாது பாய்," என்றேன்.